உப்புக்கரட்டுக்குப் போகாத செம்பி

கடம்பவனத்து ஓடைக்கரையில் ஒரு புள்ளிமான் கூட்டம் வாழ்ந்தது. கோடை பிறந்ததும் கூட்டம் மொத்தமும் ஓடையைத் தாண்டி உப்புக்கரட்டுக்குக் கிளம்பிவிடும். அந்தச் சிறு குன்றின் மண் உப்புக் கரிக்கும். எல்லோரும் ஒரே பாறையடியில் நின்று அந்த மண்ணை ஆசை தீர நக்கிவிட்டு வருவார்கள்.

பயணத்துக்கு நாள் குறிப்பவன் கொம்பழகன். பெயருக்கேற்ற கொம்பு, கொம்புக்கேற்ற கர்வம். அவன் மூக்கை உயர்த்திக் காற்றை மோந்து பார்ப்பான். புலி வாடை இல்லையென்றால், "கிளம்புங்கள்!" என்பான். மான்கள் அறிந்த எச்சரிக்கை அவ்வளவுதான்.

ஒரு கோடையில் நரி ஒன்று அவர்களைத் தேடி வந்தது.

"மருமக்களே! உப்புக்கரட்டில் மண் எப்படிப் பூத்துக் கிடக்கிறது தெரியுமா? புலிகூட வேறு மலைக்குப் போய்விட்டது. சீக்கிரம் போங்கள்!"

மான்களுக்கு எச்சில் ஊறியது. கொம்பழகன் காற்றை மோந்தான். "புலி வாடையே இல்லை! நாளைக் காலையில் புறப்படுகிறோம்!"

அந்த உப்புக்கு எல்லோரையும்விட அதிகமாக ஏங்கியவள் அவன் தங்கை செம்பி. குட்டி ஈன்று பால் கொடுப்பவள், ஏங்காமல் என்ன செய்வாள்? ஆனாலும் அவளுக்கு ஒரு சந்தேகம். மான்களின் நாக்குருசியில் நரிக்கு எதற்கு இத்தனை அக்கறை?

அன்று மாலை ஓடைக்கரையில் ஒரு உண்ணிக்கொக்கு வந்து இறங்கியது. கரட்டுக்கு அருகே மேயும் மாடுகளோடு எப்போதும் திரியும் பறவை அது.

"என்ன கொக்கக்கா, மாடுகளை விட்டுவிட்டுத் தனியாக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள் செம்பி.

"மாடு நடந்தால்தானே புல்லிலிருந்து பூச்சி கிளம்பும்! எல்லாம் கோமாரி வந்து படுத்துக் கிடக்கின்றன. வாயெல்லாம் புண், குளம்பெல்லாம் புண், நுரை நுரையாக எச்சில். கன்றுகளைச் சொல்லவே வேண்டாம், ஒவ்வொன்றாகச் செத்து விழுகின்றன."

செம்பி சட்டென்று கொக்கின் அருகே வந்தாள். "அந்த மாடுகள் உப்பு மண் நக்க எங்கே போகும்?"

"வேறெங்கே? நீங்கள் நக்கும் அதே பாறைதான்!"

செம்பி அண்ணனிடம் ஓடினாள். கொக்கு சொன்னதையெல்லாம் சொன்னாள்.

"என் மூக்குக்குத் தெரியாமல் எந்த ஆபத்தும் வராது!" என்றான் கொம்பழகன்.

"புலிக்கு வாடை உண்டு அண்ணா. நோய் காற்றில் மணக்குமா? வழியில் குளம்பு புண்ணானால் எப்படி ஓடுவீர்கள்? சரி, தப்பித்துத் திரும்பியே வந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களைக் கண்டதும் என் குட்டி ஓடிவந்து முகத்தை நக்குவானே! அப்புறம் அவன் கதி?"

இதைக் கேட்டதும் கூட்டம் பின்வாங்கிவிட்டது. கொம்பழகனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பயந்தாங்கொள்ளிகளா! நான் ஒருவனே போகிறேன்!" என்று கிளம்பிவிட்டான்.

செம்பி போகவில்லை. போகாமல் இருப்பது அவளுக்குச் சுலபமாகவும் இல்லை. உப்பு ஆசையில் மரப்பட்டையை நக்கினாள், கல்லை நக்கினாள். கடைசியில் புதருக்குள் அண்ணன் போன வருடம் உதிர்த்த கொம்பு கிடைத்தது. அதைக் கடித்துக் கடித்துக் கொறித்தாள். "பரவாயில்லை, அண்ணனுடைய கர்வத்திலும் கொஞ்சம் ருசி இருக்கிறது!" என்று சிரித்தாள். நாக்கு இழுக்கிற பக்கம் போகாமல் நின்ற அவளை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பல நாள் கழித்துக் கொம்பழகன் திரும்பினான். நொண்டி நொண்டி வந்தான். வாயில் நுரை. அவன் வருவதை முதலில் பார்த்தது செம்பியின் குட்டி.

"மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடைக்குள் பாய்ந்தது.

புதருக்குப் பின்னால் நரி நாக்கைச் சப்புக்கொட்டியது. கரட்டில் நோய் இருப்பது தெரிந்தே ஆசை காட்டிவிட்டு, இதற்காகத்தானே அது இத்தனை நாள் காத்திருந்தது! மாமன் முகத்தை ஒரு குட்டி நக்கினால் போதும், நோய் பரவிச் செத்து விழும் அத்தனை குட்டிகளும் நரிக்குத்தான்.

"நில்! கிட்டே வராதே!" என்று அலறினான் கொம்பழகன். ஓடையைத் தாண்ட எடுத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "செம்பி, நீ சொன்னதுதான் நடந்தது. குட்டியைக் கூட்டிக்கொண்டு போ. நான் இந்தக் கரையிலேயே இருக்கிறேன். நீங்கள் ஓடையின் மேற்பகுதியில் தண்ணீர் குடியுங்கள், நான் ஓட்டத்தோடு கீழே போய்க் குடித்துக்கொள்கிறேன்."

சொந்தக் கூட்டம் கண்ணெதிரே நிற்க, எட்டி நிற்பது லேசான காரியமா? கர்வக்காரன்தான், ஆனால் அந்த நிமிடத்தில் அவன் தங்கைக்கு ஏற்ற அண்ணன்.

அண்ணனுக்கு உதவும்படி, கரையோர மரத்தில் இருந்த ஒரு மந்தியிடம் செம்பி கெஞ்சிக் கேட்டாள். மந்தி தினமும் அக்கரை மரத்திலிருந்து அவனுக்கு இளந்தழை ஒடித்துப் போட்டது. ஒருநாள் நரி பொறுமையிழந்து கொம்பழகனையே நெருங்கியது. மந்தி கத்தியது. அவன் தலையைக் குனிந்து கொம்பை நீட்டினான். அந்தக் கொம்பு உருப்படியாக வேலை செய்தது அன்றைக்குத்தான்! நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டது.

மழை பிறந்தது. புண்கள் ஆறின. நன்றாகத் தேறியபின், இன்னும் சில நாள் பொறுத்துத்தான் கொம்பழகன் ஓடையைத் தாண்டினான். கூட்டத்தில் ஒரு குட்டிகூடக் குறையவில்லை. செம்பியின் குட்டி ஓடிவந்து, சேர்த்து வைத்திருந்த ஆசையெல்லாம் தீர அவன் முகத்தை நக்கியது.

நோய் பரவும் காலத்தில் பயணம் கிளம்புமுன், அங்கே நமக்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் பார்க்காமல், திரும்பும்போது வீட்டிலிருப்பவர்களுக்கு எதைக் கொண்டுவருவோம் என்றும் யோசிக்க வேண்டும்.