மன்னர் சாப்பிடாத பலகாரங்கள்

வெகு காலத்துக்கு முன்னால், ஏழு ஏரிகளும் ஏழு கோயில்களும் கொண்ட ஏழேரி நாட்டைப் பூவராகத் தேவர் என்றொரு மன்னர் ஆண்டு வந்தார். நாட்டை அவர் ஆண்டார் சரி, அவரை ஆண்டது அவருடைய நாக்கு.

பிறந்தநாள்தோறும் மன்னரைத் தராசில் உட்காரவைத்து, எடைக்கு எடை வெல்லம் நிறுத்துக் கோயிலுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். போன வருஷம் நாற்பது கூடை வெல்லம். இந்த வருஷம் நாற்பத்தொன்பது. பொங்கலில் இனிப்பு கூடும் என்று ஜனங்களுக்கு ஏக சந்தோஷம். மன்னருக்குத்தான் முகம் தொங்கிப் போயிற்று.

"ஏன் இப்படி ஆயிற்று?" என்று சபையில் கேட்டார்.

நீலமேகனார் எழுந்தார். அவர் அரண்மனை அதிகாரி, ஈர்க்குச்சி உடம்பு. காலைச் சமையல் செய்யும் உலகம்மையை அவருக்குக் கண்டாலே ஆகாது. காரணம், அவள் வார்க்கும் ஆப்பத்தை மென்றுகொண்டே மன்னர் தினமும், "வேலை தெரிந்தவள் என்றால் இவள்தான், என் சபையில் ஒருவருக்கும் இந்தக் கெட்டிக்காரத்தனம் இல்லை" என்பார். பன்னிரண்டு வருஷமாக அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் அதிகாரி.

"எல்லாம் காலைச் சாப்பாட்டால் வந்த வினை, மகாராஜா. விடிந்ததும் உள்ளே போகிறது நாள் முழுக்க அங்கேயே குந்திக் கொழுப்பாகிவிடுகிறது. நிறுத்திப் பாருங்கள். நாற்பத்தெட்டே நாளில் பழையபடி நாற்பது கூடைக்கு இறங்கிவிடுவீர்கள்."

உலகம்மையின் அடுப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். நாற்பத்தெட்டு நாள் கழித்து மறுபடி நிறுத்தார்கள். ஐம்பத்திரண்டு கூடை.

நீலமேகனார் அசைந்தால்தானே? "பன்னிரண்டு வருஷம் இவள் ஊட்டியது உடம்பில் ஊறிக் கிடக்கிறது, மகாராஜா. இவள் ஊரைவிட்டுப் போனால்தான் அதுவும் போகும்."

"அப்படியா? சரி, நாளை மறுநாள் இவள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்" என்றார் மன்னர்.

உலகம்மையோ எங்கும் போகிற நிலையில் இல்லை. வீட்டில் ஒரே மகள் நிறைமாதமாக இருக்கிறாள். பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க வேறு ஆள் கிடையாது. இந்த நேரத்தில் அவளை விட்டுவிட்டு எங்கே போய் நிற்பது?

உண்மை அவளுக்குத் தெரியும். மடைப்பள்ளிக்குத் தெரியாத ரகசியம் அரண்மனையில் ஏது? இலை போட்டு உண்டால்தான் அங்கே சாப்பாடு. இலை போடாமல் வாய்க்குள் போவது கணக்கிலேயே வராது. ஏழு கோயில் பிரசாதம் வந்தால் அது பக்தி. வழக்கு சொல்ல வந்தவர்கள் கொடுக்கும் அதிரசம் மரியாதை. நெய் நல்ல நெய்யா என்று பார்க்க ஒரு தட்டுப் பணியாரம், அது நிர்வாகம். காலைச் சாப்பாடு நின்றதிலிருந்து பசி தாங்காமல் பக்தியும் மரியாதையும் நிர்வாகமும் இரண்டு பங்காகிவிட்டன. ஆனால் இதை மன்னர் முகத்துக்கு நேரே யார் சொல்வது? சொல்கிறவருடைய தலை தப்புமா? அவர் யாரை நம்புகிறாரோ அந்த வாயிலிருந்துதான் வரவேண்டும் என்று முடிவு செய்தாள்.

"மகாராஜா, போவதற்கு முன்னால் ஒரு வேண்டுதல்" என்று கும்பிட்டாள். "அதிகாரி ஐயாவுக்கு என்னால் பன்னிரண்டு வருஷம் மனக்கஷ்டம். அதற்குப் பரிகாரமாக, நாளை ஒரு நாள் மன்னருக்கு இணையாக உண்ணும் பெருமையை அவருக்குக் கொடுங்கள். நீங்கள் எதை எவ்வளவு எடுத்தாலும் அதே அளவு அவருக்கும்."

"இப்போதாவது புத்தி வந்ததே உனக்கு" என்று மீசையைத் தடவிக்கொண்டார் நீலமேகனார். மன்னரும் சம்மதித்தார்.

மறுநாள் காலை இருவருமே ஒன்றும் உண்ணவில்லை. "உடம்பு என்ன லேசாக இருக்கிறது பாருங்கள்" என்றார் அதிகாரி. சற்று நேரத்தில் ஏழு கோயிலிலிருந்தும் ஆளுக்கு ஏழு உருண்டை சர்க்கரைப் பொங்கல் வந்தது. மன்னரோடு சேர்ந்து அதிகாரியும் ஏழையும் தின்றார். பின்னாலேயே அதிரசம், அப்புறம் நெய் பரிசோதனை. மத்தியானம் இலை போட்டு முழுச் சாப்பாடு. உண்ட களைப்புக்கு முந்திரிக்கொத்து, கண்விழித்ததும் சீடை. பொழுது சாய்கிற நேரத்தில் தலைப்பாகை அவிழ்ந்து கிடக்க, தூணில் சாய்ந்து, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார் நீலமேகனார்.

"என்ன ஓய், இப்படிக் கிடக்கிறீர்? அப்படி என்னத்தைச் சாப்பிட்டீர்?" என்று கேட்டார் மன்னர்.

அதிகாரி திருதிருவென்று விழித்தார். தான் அதிகம் தின்றதாகச் சொன்னால் மன்னர் அதிகம் தின்றதாக ஆகிவிடும்.

"ஒன்றும் சாப்பிடவில்லை, மகாராஜா. மத்தியானம் இலை போட்டதோடு சரி. மற்ற நேரமெல்லாம் மன்னர் எவ்வளவு சாப்பிடவில்லையோ, அவ்வளவேதான் நானும் சாப்பிடவில்லை."

சபையில் யாரோ இருமினார்கள். மன்னர் கையிலிருந்த சீடையைப் பார்த்தார். பிறகு அதைத் தட்டிலேயே போட்டார்.

"அப்படியானால் நான் நிறையவே சாப்பிடாமல் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, வெட்கம் தாங்காமல் தானே சிரித்தார். "உலகம்மா, நீயே சொல். காலையில் சாப்பிடலாமா, கூடாதா?"

"பசித்தால் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், மகாராஜா. எங்கள் தெருவில் விடிந்ததும் பழையது குடிக்கிற ஒல்லி ஆளும் உண்டு, உச்சிவரைக்கும் பல்லில் தண்ணீர் படாத குண்டு ஆளும் உண்டு. வயிறு வேளையைப் பார்க்காது. மொத்தம் எவ்வளவு வந்தது என்றுதான் பார்க்கும்."

மன்னர் தன் கைக் கடகத்தைக் கழற்றி அவளுக்குக் கொடுக்கப் பார்த்தார். அது வரவில்லை. கழுத்து முத்துமாலையைக் கொடுத்து, "மகளுக்குக் குழந்தை பிறந்து தேறும்வரை வீட்டிலேயே இரு. அப்புறம் வந்து அடுப்பை மூட்டு" என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீலமேகனாரே, நாட்டுக்கு நல்ல யோசனை சொன்னீர். இணையாக உண்ணும் பெருமையை ஆயுள் முழுக்க நீரே வைத்துக்கொள்ளும்."

அன்றிலிருந்து எந்தத் தட்டு அரியணைப் பக்கம் வந்தாலும் அதிகாரி குறுக்கே விழுந்தார். "நெய் நல்ல நெய்தான், மகாராஜா, நானே முகர்ந்து பார்த்துவிட்டேன்" என்பார். "பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் போதும், சாமி ஒன்றும் நினைக்காது" என்று கெஞ்சுவார். "சரி, உமக்காக விடுகிறேன்" என்று மன்னரும் கையை இழுத்துக்கொள்வார்.

ஒரே வருஷத்தில் பூவராகத் தேவர் இளைத்தார். மன்னரை இளைக்க வைத்த பெருமை அப்படியாகக் கடைசியில் நீலமேகனாருக்கே போய்ச் சேர்ந்தது.