டாக்டரிடம் சொல்லாதது

காவிரிக்கரையில் ஒரு சின்ன மடம். மடத்தை நடத்துகிற தாயாருக்கு நாற்பது வயசுதான். சீடர் செங்கோடனுக்கு அறுபத்தி நாலு. தறிக்கூடத்தில் மேஸ்திரியாக இருந்தவர்.

அவருக்கு ரத்தத்தில் புற்றுநோய். மெதுவாக ஏறுகிற வகை. மூணு வருஷமாக மருந்தில்லாமல் சோதனை மட்டும் செய்து பார்த்துவந்த டாக்டர், இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டார்.

வழி ரெண்டு இருக்கிறதாம். ஒண்ணு, தினமும் மாத்திரை, அது பலன் தருகிற வரைக்கும் விடாமல். இன்னொண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்றுகிற டிரிப்ஸும் மாத்திரையும், ஒரு வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

செங்கோடன் காகிதத்தில் பூ வைத்து ரெண்டு பொட்டலம் மடித்துக்கொண்டு மடத்துக்கு வந்தார். சிவப்புப் பூ வந்தால் தினமும் மாத்திரை. வெள்ளைப் பூ வந்தால் ஒரு வருஷ மருந்து.

“ஒண்ணை எடுத்துக் குடுங்க தாயே. அதையே பிடிச்சுக்கறேன்.”

தாயார் ரெண்டையும் பிரித்தார். பூவை அம்மன் காலடியில் வைத்துவிட்டு, வெறும் காகிதத்தை அவர் கையில் கொடுத்தார்.

செங்கோடனுக்கு முகம் சுருங்கிப்போனது.

டாக்டர் என்னவெல்லாம் கேட்டார் என்று தாயார் விசாரித்தார். கிட்னி எப்படி, கூட வர ஆள் உண்டா என்று கேட்டாராம். தினமும் போடுகிற மாத்திரை சிலருக்கு நெஞ்சுத் துடிப்பைக் கெடுக்கும், படபடப்பு உண்டா என்றும் கேட்டாராம்.

“இல்லைன்னுட்டேன்.”

“பஜனையில பாதியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவீங்களே ஐயா?”

“அது வேறைங்க. அம்மன் தொடறது. அருள்னு தைப்பூசத்தன்னிக்கு நீங்களே எல்லார் முன்னாலயும் சொன்னீங்க.”

தாயார் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“சொன்னேன். தெரியாம சொல்லிட்டேன்.”

செங்கோடனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி ஓடியது, தயங்கியது, அப்புறம் நாலைந்து சேர்ந்தாற்போல் ஓடியது. எத்தனை நாளாக என்று கேட்டார். ஆடியிலிருந்து, வீட்டில் சும்மா படுத்திருந்தால்கூட வருகிறது என்று செங்கோடன் ஒத்துக்கொண்டார்.

தாயார் எழுந்து செருப்பை மாட்டினார். இப்பவே கிளம்பலாம், நானும் வர்றேன், இதைச் சொல்லிவிட்டு டாக்டரோடு உட்கார்ந்து நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றார்.

செங்கோடன் நகரவில்லை.

“இதுவும் வியாதிதான்னு அவர் சொல்லிட்டா? எனக்குன்னு இருக்கறது அந்த அருள் ஒண்ணுதான் தாயே.”

தாயார் வாசலில் நின்று திரும்பினார்.

“அருளா இருந்தா, இ.சி.ஜி.க்கு அது ஏன் ஒளியணும்? நடங்க ஐயா.”