அருகில் உள்ள வீடு

கோமதிநாயகம் மடத்துக்கு வந்தபோது, மடத்தை நடத்தும் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

இருவரில் மூத்தவர் கோமதிநாயகம்தான். ஐம்பத்தாறு வயது. நகராட்சியில் சுகாதார அலுவலர். அம்மாவுக்கு நாற்பதைத் தாண்டி ஒன்றோ இரண்டோ. ஆனாலும் பதினோரு வருஷமாக அவர் அம்மாவின் எதிரே தரையில்தான் உட்காருகிறார்.

“இன்னிக்கு வியாழக்கிழமை இல்லையே,” என்றார் அம்மா.

“ஒரு கையெழுத்துப் போடணும். கை ஓட மாட்டேங்குது.”

புதன்கிழமை குளத்துப் புறம்போக்கில் முப்பத்தெட்டு வீடுகளை இடித்திருந்தார்கள். இடித்ததைப் பக்கத்திலிருந்த நகராட்சி மைதானத்தில் குவித்தார்கள். செங்கல்லை லாரியில் ஏற்றிப் போனது போக, ஓலையும் கதவும் வயரும் கிழிந்த பாயும் பிளாஸ்டிக் குடமுமாக ஆள் உயரத்துக்கு மேல் ஒரு குவியல் மிஞ்சியது. மழைக்கு முன்னால் அதை அங்கேயே கொளுத்திவிட ஒப்பந்தக்காரர் அனுமதி கேட்டிருந்தார். கொடுக்க வேண்டியவர் கோமதிநாயகம்.

“சேர்மன் மூணு தடவை போன் பண்ணிட்டார். குப்பையைக் கொளுத்தவும் மடத்துல உத்தரவு வாங்கணுமோன்னு சிரிக்கிறார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஸ்கூட்டர்ல ஏறி இங்க வந்துட்டேன்.”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினார். எட்டாவது கேள்வியில் விரல் நின்றது. எரிக்கும் இடத்துக்கு மிக அருகில் உள்ள வீடு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது? எதிரே கோமதிநாயகத்தின் குண்டு எழுத்து: முந்நூறு அடிக்குள் வீடு எதுவும் இல்லை.

“முந்நூறுக்குள்ள வீடு இருந்தா?”

“அனுமதி கிடையாது.”

“பொய்யா எழுதியிருக்கீங்களா?”

“இல்லம்மா. அதான் தொந்தரவே. பொய்யா இருந்தா நானே கிழிச்சுப் போட்டிருப்பேன்.”

“அளந்தீங்களா?”

“எதுக்கு? கண்ணுக்கே தெரியுதே.”

“அளந்துட்டு வாங்க.”

ஸ்கூட்டர் பெட்டியில் சாக்கடை அளக்கிற டேப் இருந்தது. நூறு அடி டேப்.

மைதானத்தில் மேகம் தாழ்ந்து நின்றது. குளத்துக் காற்று குளிராக அடித்தது. காற்றுக்கு மறைவாகக் குவியலை ஒட்டியே நீலத் தார்ப்பாய்களைக் கட்டியிருந்தார்கள். வீடு போனவர்கள் வேறெங்கும் போயிருக்கவில்லை. அது அவருக்குத் தெரியும். நேற்றும் பார்த்தார்.

டேப்பின் முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. குவியலின் அடியில் கையை விட்டுப் பாத்திரம் தேடிக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து வந்தாள்.

“குடுங்க சார், நான் பிடிக்கேன்.”

பூஜ்யம் போட்டிருந்த முனையைக் குவியலோடு சேர்த்து வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள்.

“இடம் அளக்கீங்களா, சார்?”

கோமதிநாயகம் டேப்பைப் பார்த்தார்.

“ஆமா,” என்றார்.

அவள் திரும்பிக் கத்தினாள். “ஏ, அளக்க வந்துட்டாங்க!”

தார்ப்பாய்களுக்கு உள்ளிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். ஒரு கிழவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தார்.

“ஏட்டி பவுனு, இறுக்கிப் பிடி. தொய்ஞ்சா நமக்குத்தான் இடம் குறையும்.”

“சார், எனக்கு முக்கு மனையா பாத்துக் குடுங்க. பொட்டிக்கடை போடணும்,” என்றான் ஒருவன்.

“காலை நீட்ட இடம் இல்ல, இவனுக்கு முக்கு மனை கேக்குது!”

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்திருப்பார்கள் போலிருந்தது.

பவுனுக்குப் பின்னால் இருந்த தார்ப்பாயில் யாரோ இருமினார்கள். இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

“எங்க வீட்டுக்காரர், சார். இளைப்பு. அடுப்புப் புகைகூட ஆகாது. நாங்க பெருசா கேக்கல. மழைக்கு முன்ன ஒரு இடம் காட்டிட்டாப் போதும்.”

கோமதிநாயகம் டேப்பை இழுத்துக்கொண்டு நடந்தார். நூறு அடி முடிந்ததும் முனையைப் பிடிக்க ஒருவர் கைநீட்டினார். அடுத்த நூறுக்கு இன்னொருவர். யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு சிறுமி கூடவே எண்ணிக்கொண்டு வந்தாள். அரிசி ஆலை வாட்ச்மேன் வீட்டுச் சுவரில் டேப் முட்டியது.

மடத்துக்குத் திரும்பி வந்தபோது அம்மா அதே இடத்தில் இருந்தார்.

“நானூத்திப் பத்து அடி,” என்றார் கோமதிநாயகம். “வாட்ச்மேன் வீடு.”

“முனையை யார் பிடிச்சா?”

“பவுனுன்னு ஒரு பொம்பளை. அப்புறம் ஆளுக்கு ஒரு தடவை.”

“எதுக்கு அளக்கீங்கன்னு கேக்கலையா?”

“கேட்டா. இடம் அளக்கீங்களான்னு.”

“என்ன சொன்னீங்க?”

அவர் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார்.

“ஆமான்னேன். வேற என்ன சொல்லம்மா? கொளுத்த அளக்கேன்னா சொல்ல முடியும்?”

அம்மா படிவத்தை அவர் முன்னால் வைத்தார்.

“நீங்க எழுதினதுல தப்பில்ல. அங்க வீடு இல்லை. பவுனுக்கு அதைப் படிச்சுக் காட்டிட்டு, அங்கேயே கையெழுத்துப் போட்டுருங்க.”

“அது மட்டும் முடியாதும்மா.”

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

“நான் போடலைன்னா திங்கக்கிழமை வேற ஒருத்தர் போடுவார். என்னைத் தூக்கி எங்கயாவது போடுவாங்க. தீ எப்படியும் எரியத்தான் போகுது.”

“எரியலாம்,” என்றார் அம்மா.

தொட்டியில் மாடு தண்ணீர் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கோமதிநாயகம் பேனாவைத் திறந்து எட்டாவது பதிலை அடித்தார். ஒரு கோடுதான்.

“அடிச்சுட்டேன். இப்போ இந்த இடத்துல என்ன எழுத? வீடே இல்லாதவங்களுக்கு எத்தனை அடின்னு எழுத முடியும்?”

அம்மா தரையில் கிடந்த டேப்பை எடுத்தார். முனையை ஒரு சாண் அளவு வெளியே இழுத்து, அவர் பக்கம் நீட்டினார்.

“இதைத்தானே பவுனு பிடிச்சிருந்தா? அவ விரலுக்கு அடியில என்ன எண் இருந்தது, நாயகம்?”