விறகோடு வந்தவர்கள்

மேல்மலையில் மார்கழிக் குளிர் என்றால் விளையாட்டல்ல. எலும்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் அங்கே ஒரு வழக்கம். தலையில் விறகோடு வருகிறவனை யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. விறகை வாங்கி நெருப்பில் போட்டு, நகர்ந்து இடம் கொடுப்பார்கள். பகையாளிக்கும் அதே மரியாதைதான்.

தளபதி சேந்தன் அன்று குரு அழிசியின் குடிசைக்கு வெறுங்கையோடு வந்தான். நரைத்த மீசை. குருவைவிட வயதில் மூத்தவன். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"படை முழுக்க உம் பேரைத்தான் கத்துகிறதாம். நீர் என்னடாவென்றால் இங்கே வந்து மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறீர்" என்றார் குரு.

"என் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள் சாமி. தோல்விமேல் தோல்வி. செருப்புத் தோலைக்கூட வேகவைத்துத் தின்றோம். பாதிப் பேர் ஓடிப்போனார்கள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் படையே இருந்திருக்காது."

"சரி."

"முந்தாநாள் விடியும் முன்னே எதிரியின் பாசறைக்குப் போனோம். தலையில் விறகுக்கட்டு. கட்டுக்குள் வாள்."

நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்த குருவின் கை நின்றது.

"காவல்காரன் யாரென்று கேட்கவே இல்லை. 'ஐயோ, பெரியவரே, கை இப்படி நடுங்குதே' என்று தன் கம்பளியைக் கழற்றி என் தோளில் போட்டான். நெருப்புப் பக்கம் நகர்ந்து இடம் விட்டான்."

"அப்புறம்?"

"அவன்தான் முதல் ஆள்."

அந்தக் கம்பளி இப்போதும் சேந்தனின் தோளில்தான் கிடந்தது. கழற்றி எறிய வரும் வழியெல்லாம் கை போனது. குளிர் விடவில்லை.

"சாயங்காலம் எனக்கு மாலை போடப் போகிறார்கள் சாமி. ஓடிப்போனவன்கள்கூடத் திரும்பி வந்து பாட்டுக் கட்டிப் பாடுகிறான்கள். நான் தலைகுனிந்து நின்றால் அத்தனை பேரும் மறுபடி விழுந்துவிடுவார்கள். நிமிர்ந்து நிற்க ஒரு வழி சொல்லுங்கள். செத்தவர்களுக்கு நடுகல் நடுகிறேன்."

"நடும்."

"அந்தக் காவல்காரன் குடும்பத்துக்கு என் நிலத்தை எழுதிவைக்கிறேன்."

"செய்யும்."

"மலைக்கோயிலில் என் ஆயுசுக்கும் விளக்கு. போதுமா? இன்னும் வேணுமா? வாயைத் திறந்து சொல்லித்தொலையுங்கள், கொடுக்கிறேன்!"

"சந்தையில் மாடு பிடிக்க வந்தவர் மாதிரிப் பேசுகிறீர். நான் எதையாவது விற்கிறேன் என்று சொன்னேனா?"

சேந்தனுக்குச் சுருக்கென்றது. "வேறென்ன செய்திருக்க வேண்டும்? பட்டினியில் சும்மா செத்திருக்க வேண்டுமா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

 குரு அவன் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். சேந்தனும் திரும்பிப் பார்த்தான்.

பனிக்குள்ளிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். தலையில் விறகு, முதுகில் கைக்குழந்தை. குடிசைக்கு வெகுதூரத்திலேயே நின்றுவிட்டாள். கட்டை இறக்கினாள். கயிற்றை அவிழ்த்து விறகை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினாள். நிமிர்ந்து குடிசையைப் பார்த்தாள். அதுவும் போதாது என்று நினைத்தாளோ என்னவோ, குழந்தையை இறக்கி, அதைச் சுற்றியிருந்த துணியையும் பிரித்தாள். அந்த வாடைக்காற்றில் பிள்ளையை வெற்றுடம்பாகத் தூக்கிப் பிடித்தாள். பிள்ளை வீறிட்டது.

"ஒண்ணுமில்ல சாமி! பாருங்க, ஒண்ணுமே இல்ல!"

சேந்தன் பதறிப்போனான். "பைத்தியமா இவளுக்கு? பச்சைப்பிள்ளை விறைத்துப்போகுமே! ஏன் சாமி இப்படிச் செய்கிறாள்?"

குரு எழுந்தார். சேந்தனின் தோளிலிருந்த கம்பளியை உருவிக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

"உம்முடைய வெற்றிச் செய்தி அவள்வரைக்கும் எட்டிவிட்டது, தளபதி."