கொட்டும் பூ

"எவ்வளவு கொன்னாலும் திரும்பத் திரும்ப வருதும்மா," என்றார் பொன்னுரங்கம்.

மெஹருன்னிசா தலையைத் தூக்கவில்லை. தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எது சார்?"

"ஐப்டேசியா."

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. அங்கே கடல்நீர் மீன் மட்டும் விற்கிற கடை அவளுடையது. அவளுக்கு இருபத்தொன்பது வயது. பொன்னுரங்கத்துக்கு அறுபத்துநான்கு. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளத்துக்குக் கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார். தொட்டி விஷயத்தில் இந்தப் பெண்தான் தன் குரு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

மெஹரிடம் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். ஏதாவது ஒரு வேலையைக் கொடுப்பாள்.

"முதல்ல எத்தனை இருந்துச்சு?"

"நாலு."

"இப்ப?"

"முப்பத்தாறு."

"நடுவுல என்ன பண்ணீங்க?"

"சாமணத்தால புடுங்கினேன். வேரோட."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னால் ஒரு பழைய தொட்டி இருந்தது. அதன் கல்லில் ஒரு ஐப்டேசியா விரிந்திருந்தது. பழுப்பு நிறத் தண்டு, அதன் உச்சியில் நூல் நூலாக இதழ்கள். பார்த்தால் பூ என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அது ஒரு கடல் பிராணி. பவளக் கல்லில் ஒட்டிக்கொண்டு தொட்டிக்குள் வந்துவிடும். வந்த பிறகு, பக்கத்தில் இருக்கும் பவளத்தையெல்லாம் கொட்டிக் கொட்டியே கருக்கிவிடும்.

மெஹர் அதைப் பிய்த்தாள். கல்லில் ஒட்டியிருந்த அடித்துணுக்கை மட்டும் கண்ணாடித் தம்ளரில் போட்டாள். உப்புத் தண்ணீர் ஊற்றினாள். அவரிடம் நீட்டினாள்.

"பத்து நாள் ஜன்னல்ல வெச்சுப் பாருங்க."

ஒன்பதாவது நாள் தம்ளரின் அடியில் கடுகளவு ஒரு தண்டு நின்றது. உச்சியில் எட்டு நூல்கள்.

பத்தாவது நாள் அவர் கடைக்கு வந்தார். தம்ளரை மேசைமேல் வைத்தார்.

"புடுங்கக் கூடாது," என்றார்.

மெஹர் தலையாட்டினாள்.

*

"அப்ப எப்படித்தான் அதை ஒழிக்கிறது?"

அவள் ஒரு சிரிஞ்சை எடுத்துக் கொடுத்தாள். கூடவே ஒரு பொட்டலம் சுண்ணாம்பு.

"தயிர் மாதிரி குழைச்சுக்கங்க. மோட்டாரை நிறுத்திட்டு வாய்மேல ஒரு சொட்டு வைங்க. ஊசி படக் கூடாது. பட்டா உள்ள இழுத்துக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தினமும் காலையில் பொன்னுரங்கம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டி முன்னால் குனிந்தார். சுண்ணாம்பு விழுந்ததும் அது ஒருமுறை சுருங்கும். அப்புறம் எழுந்திருக்காது.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவர் மனைவி திலகவதி இருப்பாள்.

பதினான்கு மாதத்துக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. மிஞ்சியது இடது கையும் 'ம்' என்ற ஒரே ஒரு சத்தமும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்திலேயே அவர் தச்சரை அழைத்துத் தொட்டியின் நிலைச்சட்டத்தை அறுத்துத் தாழ்த்தினார். நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் கண்ணுக்கு நேராகத் தொட்டி இருக்க வேண்டும். அதில் பச்சைப் பவளம் ஒன்று காலையில் விளக்கு எரிந்ததும் மெல்ல விரியும். அது விரிவதை அவள் பார்ப்பாள். வீட்டில் வேறு எதையும் அவள் அப்படிப் பார்ப்பதில்லை.

இப்போது அந்தப் பவளத்தின் ஒரு பக்கம் வெளுத்துப் போயிருந்தது. நாலு ஐப்டேசியா அதைச் சுற்றி நின்றுகொண்டிருந்தன.

"இன்னும் கொஞ்ச நாள்தான் திலகம். எல்லாத்தையும் ஒழிச்சுடறேன்," என்பார் ஊசியோடு.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மூன்று வாரம் போயிற்று. கொன்றதை விட வந்தது அதிகம்.

*

"உன் சுண்ணாம்பு வேலைக்காகல," என்றார்.

"தண்ணி கொண்டாந்தீங்களா?"

சின்ன பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். மெஹர் அதில் பாதியைக் குழாயில் ஊற்றி, மருந்துச் சொட்டுகளை விட்டுக் குலுக்கினாள். ஐந்து நிமிடம் போயிற்று. தண்ணீர் அடர்ந்த சிவப்பாக மாறியது. கழிவு மிகுந்தால்தான் அந்த நிறம் வரும்.

"நிறைய சாப்பாடு விழுது," என்றாள்.

"நீ சொன்ன அளவுதான்மா. காலைல ஒரு சிட்டிகை. அதுக்கு மேல போட்டதே இல்ல."

அவள் மிச்சத் தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேலே மெல்லிய எண்ணெய்ப்படலம் மிதந்தது.

"ஒரு சிட்டிகையில இத்தனை ஐப்டேசியா வளராது சார். பட்டினி கிடக்கும்."

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

பொன்னுரங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. முகம் சிவந்தது. அவள் அதைக் கவனிக்காதவள் போல் கேட்டாள்.

"தினம் அரை மணி நேரம் தொட்டியைப் பாக்கறீங்க இல்ல?"

"பாக்கறேன்."

"என்ன பாக்கறீங்க?"

"அதோட வாயை. சொட்டு விழணுமே."

"வேற?"

"வேற என்ன பாக்கணும்?"

மெஹர் கையை நீட்டினாள். "சிரிஞ்சை இங்க குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு முழுக்கத் தொட்டிகிட்டயே உக்காருங்க. கையில எதுவும் வேணாம்."

*

மறுநாள் சாய்நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

காலை முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. மீன்கள் திரிந்தன. பச்சைப் பவளம் பாதி விரிந்தது. திலகவதி அடிக்கடி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனுஷன் இன்றைக்கு ஏன் இங்கேயே இருக்கிறார் என்பது போல.

மதியம் சோறு பிசைந்து அவளுக்கு ஊட்டினார். உப்பும் காரமும் குறைத்த சங்கரா மீன் குழம்பு. பாதித் தட்டை அவர் ஊட்ட வேண்டும், மீதியை அவளே இடது கையால் சாப்பிட வேண்டும், கை பழக வேண்டும் என்று பயிற்சி தரும் பெண் சொல்லியிருந்தாள். வழக்கமாக அவர் தட்டை நாற்காலிப் பலகையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அங்கேயே நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் துலக்கிவிட்டுத்தான் வருவார். வரும்போது தட்டு காலியாக இருக்கும்.

அன்றைக்குப் போகவில்லை. சாய்ந்துகொண்டார். கண்ணை மூடினார். அசதியில் கொஞ்சம் தூங்கியும் போனார்.

தண்ணீர் அலம்பும் மெல்லிய சத்தத்தில் விழிப்பு வந்தது. கண்ணைப் பாதி திறந்தார்.

திலகவதியின் இடது கை தொட்டியின் விளிம்பைத் தாண்டி உள்ளே இருந்தது. விரல் நுனியில் ஒரு துண்டு மீன்.

மோட்டாருக்குப் பின்னால், அவர் ஊசி எட்டாத மூலையில், ஐந்து ரூபாய் நாணயத்தை விடப் பெரிதாக ஒரு ஐப்டேசியா விரிந்திருந்தது. அவள் மீனை அதன்மேல் விட்டாள். நூல்கள் நாலாபக்கமிருந்தும் மடிந்து வந்தன. மீனை வாங்கி உள்ளே இழுத்துக்கொண்டன.

அவள் காத்திருந்தாள். மறுபடி அது விரிந்தது.

"ம்?" என்றாள் திலகவதி.

இன்னொரு துண்டைக் கிள்ளினாள்.

"ம்?"

பொன்னுரங்கத்துக்கு அந்தக் குரல் தெரியும். கையில் கரண்டியோடு இலைக்குமேல் குனிந்து நிற்கிறவளின் குரல். முப்பத்தெட்டு வருடம் கேட்டது.

தட்டிலிருந்த மீன் முழுவதும் அந்த மூலைக்குப் போயிற்று. குழம்பில் ஊறிய சோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. தன் பங்கில் அவள் ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை.

போன தடவை எடை பார்த்தபோது நாலு கிலோ குறைந்திருந்தது. டாக்டர் காரணம் கேட்டார். நல்லாத்தான் சாப்பிடறா டாக்டர் என்று இவர் சொல்லியிருந்தார்.

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காரும்வரை திறக்கவில்லை.

*

"வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்திருக்கும்மா," என்றார் கடையில். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

நடந்ததைச் சொன்னார். மெஹர் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாள்.

"நீங்க முழிச்சிருந்தது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒண்ணும் கேக்கலையா?"

"என்னன்னு கேக்கறது? கேட்டா பதில் சொல்லவா முடியும்? மீனைத் தூக்கி மீனுக்குப் போட்டாக்கூடப் பரவாயில்ல. அந்தப் பவளத்தைக் கொல்ற பூவுக்கே போடறா. அதை அவதானே ஆசையா பாப்பா? தன் வயித்தைக் காயப் போட்டு அதுக்கு ஏன் போடணும்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சரி. ஐப்டேசியாவைத் திங்கிற இறால் வெச்சிருக்க இல்ல? அதைக் குடு. அவ சாப்பாட்டை நான் பாத்துக்கறேன். இனிமே முழுத் தட்டையும் நானே ஊட்டிடறேன். அவ கையில தட்டே குடுக்கப்போறதில்ல."

அவள் எழுந்தாள். வலையை எடுத்தாள். சிவப்புக் கோடு போட்ட சின்ன இறால்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தண்ணீர் நிரப்பிய பையில் விட்டாள். பையின் வாயை முறுக்கிப் பிடித்தாள். கட்டவில்லை.

"சார். அவங்க உங்களுக்குக் கடைசியா எப்ப சோறு போட்டாங்க?"

"இதென்ன கேள்வி? படுத்த அன்னிக்குக் காலைல. சோறு இல்ல, இட்லி."

"எத்தனை?"

"நாலு. போதும்னேன். கேக்கல. தட்டை மூடிக்கிட்டேன். கையைத் தள்ளிட்டு அஞ்சாவதைப் போட்டா. கோபத்துல நான் அதைச் சாப்பிடாம அப்படியே வெச்சுட்டு எழுந்துட்டேன். அவ எப்பவுமே அப்படித்தான், யாருக்காவது போட்டுக்கிட்டே இருக்கணும், இல்லன்னா அவளுக்கு…"

அங்கே நின்றுவிட்டார்.

கடையில் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. மெஹர் பைக்கு ரப்பர் பேண்ட் போட்டாள்.

"ஆறு இருக்கு," என்றாள்.

*

ஐப்டேசியா குறைய இரண்டு மாதம் ஆனது. தொட்டியில் வேறு தீனி விழாததால் இறால்கள் ஒழுங்காக வேலை செய்தன. சின்னதெல்லாம் போயிற்று. வெளுத்த பவளத்தில் ஓரமாகப் பச்சை திரும்பியது. மூலையில் இருந்த பெரியதை மட்டும் இறால்கள் தொடவில்லை. பொன்னுரங்கம் அதைக் கல்லோடு எடுத்துக் கண்ணாடி ஜாடி ஒன்றில் தனியாக வைத்தார். ஜாடியைத் திலகவதியின் கை எட்டும் தூரத்தில் வைத்தார். பார்க்க வந்த மெஹர், காசு போட்டு ஜாடி வாங்கி ஐப்டேசியா வளர்க்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிச் சிரித்தாள். அடுத்த முறை எடை பார்த்தபோது திலகவதிக்கு ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

அதெல்லாம் பிறகு நடந்தவை.

அன்றைக்கு அவர் இறால் பையோடு வீட்டுக்கு வரும்போது மணி ஒன்று. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டார். அடுப்படிக்குப் போய்த் தட்டில் சோறு போட்டார். இருவருக்கும் ஆகிற அளவு. மீனைத் தாராளமாக வைத்தார். தட்டை அவள் பலகையில் வைத்தார்.

ஊட்டுவார் என்று அவள் வாயைத் திறந்தாள்.

அவர் ஊட்டவில்லை. அவளுக்கு எதிரே தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"திலகம். பசிக்குது."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

"அங்க இல்ல. இங்க."

வாயைத் திறந்து காட்டினார்.

வெகுநேரம் அவள் அசையவில்லை. பிறகு இடது கை தட்டுக்கு வந்தது. மீனைக் கிள்ளியது. கட்டைவிரலால் தடவித் தடவி ஒரு முள்ளைக் கண்டுபிடித்து ஓரமாகத் தள்ளியது. சோற்றோடு சேர்த்து உருட்டியது. அவர் வாய்ப்பக்கம் வந்தது. பாதி அவர் சட்டையில் கொட்டியது. மீதி வாய்க்குள் போனது.

அவர் மென்று விழுங்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கவளத்தை இன்னும் பெரிதாகப் பிசைந்தாள்.