பின்னால் நடந்து வந்த தாய்மாமன்

பேச்சியம்மாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கூடை முடிந்து அடுத்த கூடையில் கை வைத்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெங்காயம் என்றுதான் வெளியில் சொல்லிக்கொண்டாள். உண்மையில் பாதி வெங்காயத்துக்கு, மீதி வெள்ளைக்கண்ணுக்கு.

வெள்ளைக்கண்ணு அவள் புருஷன். வளைகுடாவில் உலக நாடுகளெல்லாம் கூடி ஆடிய பெரிய கால்பந்துப் போட்டியில் வேலை பார்த்துவிட்டு முந்தின நாள்தான் புழுதிக்குளத்துக்குத் திரும்பியிருந்தான். பந்து உதைக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டில் நிற்கிற வேலை. கூடவே அதே ஊர்க்காரர்கள் இரண்டு பேர். ஒருவன் இருளாண்டி. மூவரில் மூத்தவன், அதனால் தலைவன். வேறு காரணம் எதுவும் கிடையாது. இன்னொருவன் மொக்கைச்சாமி. பஞ்சில் செய்த ஆளுயரக் கை ஒன்றை மாட்டிக்கொண்டு, "ரயிலுக்கு இந்தப் பக்கம்" என்று இடது பக்கமாகக் காட்டிக்கொண்டே நின்றவன். இடது பக்கம் தவிர இன்னொரு பக்கம் இருப்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

கிளம்புகிற அன்று அவர்களுடைய மேலாள் மூன்று பேர் முதுகிலும் தட்டி, "இங்கே கற்றதை ஊருக்குப் போனாலும் மறக்காதீர்கள்" என்று சொல்லியனுப்பினான். எல்லோரும் பேச்சுக்குச் சொல்வதுதான். புத்தி உள்ளவன் தலையாட்டிவிட்டு விமானம் ஏறியதும் மறந்துவிடுவான். இவர்களுக்கு மறக்கக்கூடத் தெரியாது.

ஊருக்கு வந்த லட்சணத்தைக் கேளுங்கள். பஸ் புழுதிக்குளத்தில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். இவர்கள் மூவரும் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் கடைசி ஊருக்குப் போய், அங்கே டிரைவர் விளக்கை அணைத்த பிறகுதான் இறங்கி, வெயிலில் பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்தே திரும்பினார்கள்.

"ஏங்க, கண்டக்டர் ஊர்ப் பேரைச் சொல்லிக் கத்தலையா?" என்று கேட்டாள் பேச்சி.

"கத்துனாரு. ஆனா மைக்குல சொல்லலையே. மைக்குல சொல்லி, விளக்க அணைக்காம எந்திரிக்கக் கூடாதுன்னு விமானத்துல சொன்னாக புள்ள."

அப்புறம் மகளைத் தூக்கிப் பார்த்தான். அவன் போன பிறகு பிறந்த குழந்தை, மகிழினி. இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன இம்புட்டுப் பெருசா இருக்கு? போன்ல கையளவுதான இருந்துச்சு?" என்றான்.

அந்தக் குழந்தைக்குத்தான் மறுநாள் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, நல்ல நேரத்துக்குள் குத்தியாக வேண்டும். தாய்மாமன் அவள் அண்ணன் தவசி. நல்லவன், ஆனால் மூக்கு நுனியில் கோபம். வளைகாப்பில் தாம்பூலம் கொடுக்கத் தாமதமானதற்கே கோபித்துக்கொண்டு போய், இத்தனை மாதமும் தங்கச்சியோடு பேசாமல் இருந்தவன். வெற்றிலை பாக்கோடு போய்க் காலைப் பிடிக்காத குறையாக அழைத்துவிட்டு வந்திருக்கிறது. இன்னொரு தடவை வாசலோடு திரும்பினான் என்றால் பேச்சிக்குப் பிறந்த வீடு அவ்வளவுதான்.

அவள் நாலு பேர் முன்னால் குரல் உயர்த்திப் பேசுகிறவள் இல்லை. அதனால் புருஷனிடம் மெதுவாகத்தான் சொன்னாள்: "ஏங்க, காலைல வாசல்ல நின்னு கூட்டத்தக் கொஞ்சம் பாத்துக்கங்க."

வருகிறவர்களைக் கும்பிட்டு, வாங்க என்று சொல்லி, சந்தனம் நீட்டச் சொன்னாள். வேறென்ன?

வெள்ளைக்கண்ணு கூட்டாளிகளைக் கூப்பிட்டுக்கொண்டான். மூவரும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"தங்கச்சி கூட்டத்தப் பாத்துக்கச் சொல்லிருச்சு. கூட்டம் எங்க மாப்ள?" என்றான் இருளாண்டி.

"இன்னும் வரல மச்சான்."

"வராத கூட்டத்த எப்படிப் பாக்குறது?"

"வர்றதுக்கு முன்னாடியே கயிறு கட்டிரணும்ணே. அங்கயும் அப்படித்தான்" என்றான் மொக்கைச்சாமி.

"எத்தன வளைவு விடணும்?"

"கூட்டம் எம்புட்டோ அம்புட்டு."

"கூட்டம் எம்புட்டுன்னு தெரியாதேடா."

மூவரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். கடைசியில் இருளாண்டி எழுந்து, "அப்ப கயிறு எம்புட்டோ அம்புட்டு" என்றான். பிரச்சினை தீர்ந்தது.

ஊரில் இருந்த மாட்டுக் கயிறு, கிணற்றுக் கயிறு, கொடிக் கயிறு எல்லாம் அவிழ்ந்தன. விடியும்போது வீட்டு முன்னால் இருந்த பொட்டல் முழுக்கக் கயிறு வளைந்து வளைந்து ஓடியது. இருபது எட்டில் வந்துவிடக்கூடிய வாசலுக்கு, இப்போது இட்லி கட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். நடு வாசலில் மஞ்சள் சட்டையும் கழுத்தில் விசிலுமாக இருளாண்டியும் வெள்ளைக்கண்ணுவும். தெருமுனையில் பஞ்சுக் கையோடு மொக்கைச்சாமி.

முதலில் வந்தது, கயிற்றைப் பறிகொடுத்த பசுமாடு. ஒவ்வொரு வளைவிலும் ஒழுங்காகத் திரும்பி வாசலுக்கு வந்து நின்றது. "அனுமதி அட்டை இருக்கா பாரு" என்றான் இருளாண்டி. மாட்டின் வாயில் யாரோ கீழே போட்ட காதுகுத்துப் பத்திரிகை பாதி தொங்கிக்கொண்டிருந்தது. இருவரும் சலாம் வைத்து உள்ளே விட்டார்கள்.

அடுத்து எதிர்வீட்டில் சமைத்த சோற்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு சமையல்காரர் வந்தார். "வெளிச்சாப்பாடு உள்ள கொண்டு வரக் கூடாது" என்று திருப்பி அனுப்பினார்கள். காது குத்துகிற ஆசாரி வந்தார். பையைச் சோதித்தார்கள்.

"இது என்ன ஆசாரி?"

"ஊசிப்பா. காது குத்த."

"குத்துற சாமான் எதையும் உள்ள விடமாட்டோம். நீங்க போங்க, ஊசி வேணாம்."

"ஊசி இல்லாம நான் போய் என்னத்தக் குத்த?"

"அது உங்க வேலை. எங்களக் கேட்டா?"

பாக்குவெட்டி, தீப்பெட்டி, ஒரு கிழவரின் மூக்குப்பொடி டப்பா என்று கைப்பற்றிய சாமான்கள் கூடை நிறையச் சேர்ந்தன. சரியாக அந்த நேரத்தில் கொட்டுமேளத்தோடு தவசி வந்தான். பின்னால் பொம்பளைகள் தலையில் சீர்த்தட்டுகள். ஆப்பிள், லட்டு, வெல்லம், பட்டுப்பாவாடை. வளைவு வளைவாக நடந்து வாசலுக்கு வருவதற்குள் மேளக்காரருக்கு மூச்சு வாங்கியது. தவசியின் முகம் ஏற்கனவே மிளகாய்ப் பழம்.

"பத்திரிகை?" என்று கை நீட்டினான் வெள்ளைக்கண்ணு.

"யோவ் மாப்ள, நான்தான்யா தாய்மாமன்! என்னைத் தெரியலையா?"

"தெரியுது மச்சான். தெரியக் கூடாதுன்னுதான் சொல்லிக் குடுத்திருக்காங்க. கேட்ல நிக்கிறவனுக்குச் சொந்தக்காரனே கிடையாது."

"தாய்மாமனுக்கு எவன்யா பத்திரிகை குடுப்பான்? வெத்தலை பாக்கு வச்சுல்ல கூப்பிட்டாக!"

வெள்ளைக்கண்ணு இருளாண்டியைப் பார்த்தான். இருளாண்டி தலையைச் சொறிந்துவிட்டு நியாயமாகப் பேசினான். "சரி, அந்த வெத்தலையக் காட்டு."

"அன்னைக்கே போட்டுத் தின்னுட்டேன்!"

"தின்ன டிக்கெட்டு செல்லாதுப்பா."

"மாட்ட உள்ள விட்டுருக்கீங்க, அந்தா நிக்கிது!"

"அதுவும் தின்னுச்சுதான். ஆனா பாதிய மிச்சம் வச்சு எங்ககிட்டக் காட்டிட்டுத் தின்னுச்சு. முறை தெரிஞ்ச மாடு."

தவசி துண்டை உதறித் தோளில் போட்டான். அது அவன் திரும்பிப் போகிற அடையாளம். இடுப்பில் குழந்தையும் கையில் வெங்காய வாசனையுமாகப் பேச்சி ஓடி வந்தாள். இந்தக் கழுதைகளோடு சண்டை போட்டால் பொழுது போகும், நல்ல நேரமும் போகும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு புருஷனிடம் கேட்டாள்:

"ஏங்க, உள்ள வர்றவங்களத்தான் சோதிப்பீங்களா? வெளிய போறவங்கள?"

"போறவங்கள ஒரு வார்த்த கேக்கக் கூடாது. எடுத்து வச்ச சாமானத் திருப்பிக் குடுத்து, சலாம் வச்சு அனுப்பணும்."

"யாரு வர்றாக, யாரு போறாகன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"என்ன புள்ள கேள்வி? மூஞ்சி தெரிஞ்சா வர்றவன். முதுகு தெரிஞ்சா போறவன்."

பேச்சி அண்ணனைப் பார்த்தாள். வெட்கத்தை விட்டு, கொஞ்சம் உரக்கவே சொன்னாள்: "அண்ணே, திரும்பி நில்லு. அப்படியே பின்னால நடந்து வா. போய்ட்டு வர்றேன்னு சொல்லிக்கிட்டே வா."

தவசி தங்கச்சியை முறைத்தான். பிறகு குழந்தையைப் பார்த்தான். அது அவனைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. ஊரே பார்க்க, மாலையும் தலைப்பாகையுமாகத் திரும்பி நின்று, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து, "போய்ட்டு வர்றேன், போய்ட்டு வர்றேன்" என்று முனகிக்கொண்டே வீட்டுக்குள் வந்தான்.

"அதுக்குள்ள கிளம்பியாச்சா? பாத்துப் போங்க மச்சான்!" என்று வெள்ளைக்கண்ணு கும்பிட்டான்.

பின்னாலேயே சீர்த்தட்டுகள் முதுகு காட்டி வந்தன. ஆசாரி முதுகு காட்டி வந்தார். ஊசியை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். சோற்று அண்டா வந்தது. சாம்பார் வாளி தளும்பிக்கொண்டே வந்தது. மேளக்காரர் அடித்துக்கொண்டே பின்னால் வந்து பந்தக்காலில் இடித்துக்கொண்டார். "இவ்வளவு பேர் இம்புட்டுச் சீக்கிரம் போயிட்டாகளே, விசேஷம் நல்லா நடந்திருக்கும்" என்று இருளாண்டி திருப்திப்பட்டான்.

ஆனால் மற்ற விருந்தாளிகளைக் காணோம். தெருமுனையில் மொக்கைச்சாமி எல்லோரையும் இடது பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தான். இடது பக்கம் கண்மாய். அவர்களைக் கூட்டி வர வெள்ளைக்கண்ணு ஓடினான். பட்டுப்புடவையோடு முழங்கால் சேற்றில் நின்றவர்களையெல்லாம் கரையேற்றித் திரும்பினான். எல்லோரும் பத்திரிகையைக் காட்டி உள்ளே போனார்கள். வெள்ளைக்கண்ணுவின் நெஞ்சில் இருளாண்டி கை வைத்தான்.

"பத்திரிகை?"

"நான் குழந்தைக்கு அப்பன் மச்சான்."

"தெரியுது மாப்ள. தெரியக் கூடாதே. அதோட, வெளிய போனவன் மறுபடி உள்ள வர முடியாது. நீதான எனக்கே இந்த விதியச் சொல்லிக் குடுத்த?"

வெள்ளைக்கண்ணு யோசித்தான். "ஆமா மச்சான்" என்று ஒப்புக்கொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டான்.

"நீங்களும் பின்னால நடந்து வாங்களேன், நேரம் போகுது!" என்று உள்ளேயிருந்து பேச்சி கூப்பிட்டாள்.

"நான் போகலையே புள்ள, வரத்தான செய்றேன். வேலையில பொய் சொல்லக் கூடாது."

பேச்சி தலையில் அடித்துக்கொண்டு திரும்பினாள். கடல் தாண்டி வந்தவன் கயிறு தாண்டவில்லை. குழந்தை தாய்மாமன் மடியில் வீறிட, நல்ல நேரத்துக்குள் இரண்டு காதும் குத்தியாயிற்று. தவசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கச்சி கையால் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தான்.

சாயங்காலம் அவன் கிளம்பும்போது இருளாண்டி மறித்தான். "நீதான் காலையிலேயே போயிட்டியே. போனவன் எப்படி மறுபடி போவ?" தவசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே பின்பக்க வேலியைத் தாண்டிப் போனான். பேச்சிக்கு நெஞ்சு லேசானது.

இனி வெள்ளைக்கண்ணு. பகல் முழுக்க யோசித்து ஒரு நேர்மையான வழி கண்டுபிடித்திருந்தான். போகிறவன்தான் உள்ளே வரலாம் என்றால், நிஜமாகவே போய்விடுவது. விசேஷ வீட்டில் இடத்தை அடைக்கும் என்று மொக்கைச்சாமி வீட்டில் வைத்திருந்த பெட்டியை எடுத்து வந்தான். "நான் மறுபடி வெளிநாட்டுக்கே கிளம்புறேன் மச்சான்" என்றான். மூவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். "போய்ச் சேர்ந்ததும் போன் போடு மாப்ள" என்று மொக்கைச்சாமி விம்மினான். வெள்ளைக்கண்ணு பெட்டியோடு முதுகு காட்டி நடந்து நடந்து அடுப்படி வரைக்கும் போய்ச் சேர்ந்தான்.

பேச்சி ராத்திரி ரசத்துக்கு மிச்ச வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்கண்ணு அவளுக்குப் பின்னால் பெட்டியை இறக்கிவைத்து, கூட்டாளிகளுக்குப் போன் போட்டான். "மச்சான், பத்திரமா வந்து சேர்ந்துட்டேன். இங்க எல்லாம் நம்ம வீடு மாதிரியே இருக்கு. ஒரு பொம்பள வெங்காயம்கூட உரிச்சுக்கிட்டு இருக்கு."

பேச்சி திரும்பிப் பார்ப்பதற்குள் வாசலிலிருந்து மொக்கைச்சாமியின் சத்தம் வந்தது. "தங்கச்சி! ஓடியா! மாப்ள வெளிநாட்டுலேர்ந்து லைன்ல இருக்கான்! வந்து ஒரு வார்த்த பேசிரு!"

"இந்தா வர்றேண்ணே" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்த பேச்சி, புருஷனிடம் சொன்னாள்: "ஏங்க, அடுப்புல ரசத்தப் பாத்துக்கங்க, என் வீட்டுக்காரரு போன்ல வந்திருக்காராம், நான் போய்ப் பேசிட்டு வந்து உங்களுக்குச் சோறு போடுறேன்."