குயில் காட்டிய கரும்பு வீடு

மலைக்காட்டில் மருதாயி என்றொரு காட்டுக்கோழி இருந்தாள். அவள் புருஷன் பெயர் கொண்டையன். இருவருக்கும் சொந்தமாக ஒரு புதர்கூடக் கிடையாது. மயிலம்மாவின் ஈச்சம்புதரில் ஒண்டுக்குடித்தனம். தினமும் கிளறி எடுக்கும் கரையானில் பாதியை வாடகையாகக் கொடுத்துவிட வேண்டும்.

ஒருநாள் காலையில் மயிலம்மா கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நாளையிலேர்ந்து பாதி இல்லை, முக்கால் பங்கு! இன்னொண்ணும் சொல்லிட்டேன். குஞ்சுங்க கத்துற சத்தம் என் காதுல விழக் கூடாது. விழுந்தா அன்னைக்கே காலி பண்ணிடணும்!"

மருதாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டதே! மாசமாக இருப்பவளிடம் பேசுகிற பேச்சா இது?

"ஏங்க, கேட்டீங்களா அநியாயத்தை!" என்று புருஷனைப் பார்த்தாள். கொண்டையன் கொண்டையைச் சிலுப்பினான். அதற்கு மேல் அவனால் என்ன செய்ய முடியும்? காட்டில் காலியான புதர் ஒன்றுகூட இல்லை.

இதையெல்லாம் அத்திமரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது ஒரு குயில். பெயர் நாதமுனி. தொழில் வீட்டுத் தரகு. தேன் வழியப் பேசுவார், கேட்க வேண்டுமா!

"தங்கச்சி! இந்த மயில் கிட்ட எதுக்கு மல்லுக்கட்டுறே? மலைக்குக் கீழே கீழ்க்காணின்னு ஒரு ஊர் இருக்கு. விவசாய ஊர். இங்கே ஒரு முள்ளுச்செடி வாங்குற விலைக்கு அங்கே ஒரு காட்டையே வாங்கிப் போடலாம்!"

"காட்டையேவா!" மருதாயி வாயைப் பிளந்தாள்.

மறுநாளே மூவரும் கிளம்பிப் போய்ப் பார்த்தார்கள். அடேயப்பா! வாய்க்காலை ஒட்டி ஒரே பச்சை. கொண்டையனைப் போலப் பல கொண்டையன்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்றாலும் எட்டாத உயரம். உள்ளே போனால் வெயிலே தெரியவில்லை. அது ஒரு கரும்புத் தோட்டம். ஆனால் மலைக்காட்டுக்காரர்களுக்குக் கரும்பைப் பற்றி என்ன தெரியும்? மூங்கிலுக்கு உறவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மருதாயி விவரமானவள்தான். கேள்விமேல் கேள்வி கேட்டாள்.

"தண்ணி எப்படி அண்ணே?"

"வாய்க்கால்லேர்ந்து உன் வாசலுக்கே வரும்!"

"நரி, கீரி தொல்லை?"

"இவ்வளவு நெருக்கத்துல எவன் நுழைவான்?"

"சாப்பாட்டுக்கு?"

"கீழே கிடக்குற சோகையை ஒரு கிளறு கிளறிப் பாரேன்!"

சோகை என்பது கரும்பிலிருந்து காய்ந்து விழுந்த இலை. மருதாயி கிளறினாள். புழுவும் பூச்சியும் குவியல் குவியலாக நெளிந்தன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"விலை என்ன அண்ணே?" என்றாள், பயந்துகொண்டே.

"உன்கிட்டே நான் என்ன பெரிசா கேட்டுடப் போறேன்? என் வீட்டுக்காரி ஒரு முட்டை கொண்டுவந்து இடுவா. உன் முட்டைங்களோட சேர்த்து அதையும் அடைகாத்துக் கொடு. காக்காய்ங்க இந்த வருஷம் உஷாராயிடுச்சுங்க, கூட்டுக்கிட்டேயே விட மாட்டேங்குதுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்!"

கேட்டாளே, கேள்வியெல்லாம் நல்ல கேள்விதான். வந்த பதிலும் எல்லாம் உண்மைதான். அதுதான் கொடுமை! இந்தக் காடு எத்தனை நாளைக்கு நிற்கும் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. காட்டில் பிறந்தவளுக்கு அந்தக் கேள்வி எப்படித் தோன்றும்? காடு என்றால் நிற்கும். அவள் பாட்டன் காலத்திலும் நின்றது, பேரன் காலத்திலும் நிற்கும்.

சரி, தரகருக்காவது தெரியுமா? அவருக்கும் தெரியாது சாமி! பழம் இருக்கிற இடத்துக்கு வருவார், தின்பார், பறந்துவிடுவார். ஒரு இடத்தில் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. கூடு கட்டும் வழக்கமே அவர் பரம்பரையில் கிடையாது. ஆனால் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வீடு காட்டுகிறார்!

கோழிகள் இரண்டும் குடி வந்தன. கொண்டையன் தினமும் வரப்பில் ஏறி நின்று, "இது எங்க சொந்தக் காடு!" என்று கூவினான். மருதாயி சோகையைக் குழித்து முட்டையிட்டு அடையில் உட்கார்ந்தாள். பல நாள் கழித்து, ஆடி அசைந்து, நாதமுனியின் பெண்டாட்டி வந்து தன் முட்டையை இட்டுவிட்டுப் போனாள். வேளாவேளைக்கு நாதமுனி வந்து மேலேயிருந்து எட்டிப் பார்ப்பார். "என் முட்டை சூடா இருக்கா தங்கச்சி?" என்று கேட்பார். தங்கச்சி சூடாக இருக்கிறாளா, சாப்பிட்டாளா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒரு குறையைத் தவிர. பக்கத்து வரப்பில் ஒரு வயலெலி இருந்தான். பெயர் குழியப்பன். முட்டை திருடுவதில் பேர்போனவன்! முதல் நாள் அவன், "என்ன ஆத்தா, புதுசா குடி வந்திருக்கீங்களா?" என்று தலையை நீட்டினான். மருதாயி சட்டென்று சிறகை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டாள்.

"போடா அந்தப் பக்கம், திருட்டுப் பயலே!"

அதோடு பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் வரவே இல்லை.

ஒருநாள் குழியப்பன் தன் வளையைக் காலி பண்ணிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போவதைக் கண்டாள். "அப்பாடா, சனியன் விட்டது!" என்று நிம்மதியாக மூச்சு விட்டாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் தோட்டத்தின் கோடியில் ஒரு சத்தம். சரக்! சரக்! சரக்!

"ஏங்க, அது என்ன சத்தம்?"

கொண்டையன் வரப்பில் ஏறிப் பார்த்தான். பார்த்தவன் கூவ மறந்து நின்றான். குடுகுடுவென்று கீழே இறங்கி ஓடி வந்தான்.

"மருதாயி... நம்ம காட்டைக் காணோம்!"

"என்னது! காட்டைக் காணோமா?"

"கோடியில பாதி இல்லை! ஆளுங்க கத்தியோட வந்து வெட்டிச் சாய்க்கிறாங்க. டிராக்டர்ல ஏத்துறாங்க. கீழே கிடக்குற சோகைக்கு அங்கே தீ வைக்கிறாங்க!"

மருதாயிக்கு நம்பவே முடியவில்லை. காட்டை வெட்டுவார்களா? ஒரு முழுக் காட்டையும், காலையில் வந்து, கூட்டிப் பெருக்குவது மாதிரி வெட்டுவார்களா? அவள் உட்கார்ந்திருப்பதே சோகையின் மேல்! அவளுக்கும் கொண்டையனுக்கும் சிறகு இருக்கிறது, பறந்துவிடலாம். முட்டைக்கு ஏது சிறகு?

அந்த நேரம் பார்த்து நாதமுனி வந்து சேர்ந்தார். கோடியைப் பார்த்ததும் கரும்பிலிருந்து விழப் போனார்.

"ஐயையோ! என்ன தங்கச்சி இது!"

"என்னைக் கேக்குறியா? நீதானே அண்ணே வித்தே!"

"நான் வீடு காட்டுறவன் தங்கச்சி! இருந்து பாத்தவன் இல்லையே! ஐயோ, என் முட்டை! என் முட்டையை எப்படியாவது காப்பாத்து!"

சரக்! சரக்! சத்தம் நெருங்கிக்கொண்டே இருந்தது. புகை வாடை மூக்கில் ஏறியது. கோழிக்கு முட்டையைத் தூக்கத் தெரியாது. குயிலுக்கோ அடுத்தவர் வீட்டில் போடத்தான் தெரியும். இப்போது முட்டையை நகர்த்தத் தெரிந்தவர் யார்?

மருதாயி ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு வாய்க்கால் பக்கம் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள். "குழியப்பா! ஏ குழியப்பா! ஓடி வாப்பா!"

எலி வந்தான். பார்த்தான். அவனுக்கே ஆச்சரியம் தாங்கவில்லை.

"நீங்க இன்னும் போகலையா? கரும்புன்னா வெட்டுவாங்கன்னு ஊருக்கே தெரியுமே! தெரிஞ்சுதானே வந்தீங்க?"

"தெரியாதுடா! நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"எங்கே சொல்றது? வாயைத் திறக்குமுன்னே திருட்டுப் பயலேன்னு விரட்டுனீங்க!"

மருதாயியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"முட்டை எல்லாத்தையும் வாய்க்கால் ஓரத்து நொச்சிப்புதருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். அதை யாரும் வெட்ட மாட்டாங்க," என்றான் குழியப்பன். "ஆனா கூலி வேணும். கொண்டுபோய்ச் சேர்த்தப்புறம் ஒரு முட்டை எனக்கு."

"அடப்பாவி!" என்றான் கொண்டையன்.

"என்னுது மட்டும் வேண்டாம்!" என்று அலறினார் நாதமுனி. "கோழி முட்டை நிறைய இருக்கு, அதுல ஒண்ணு எடுத்துக்கோ!"

மருதாயி அதிர்ந்துபோய்க் குயிலை அண்ணாந்து பார்த்தாள். இந்த வாயா அன்றைக்குத் தங்கச்சி தங்கச்சி என்று கொஞ்சியது?

பேரம் பேச நேரமில்லை. ஒன்று போனாலும் மற்றவை பிழைக்கும். "சரிப்பா. ஒரு முட்டை உனக்கு," என்றாள்.

குழியப்பன் மல்லாந்து படுத்தான். நாலு காலாலும் ஒரு முட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "மாமா, வாலைப் பிடிச்சு இழுங்க!" என்றான். சொந்தக் காடு என்று கூவின கொண்டையன், திருட்டு எலியின் வாலை அலகால் கவ்வித் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினான்! போனார்கள், வந்தார்கள், போனார்கள். கடைசியாகக் குயில் முட்டையும் போய்ச் சேர்ந்தது. மருதாயி பின்னாலேயே ஓடி நொச்சிப்புதரில் நுழைந்தாள். சற்று நேரத்தில் அவள் வீடு இருந்த இடத்தில் தீ எரிந்தது.

"ஆத்தா, என் கூலி," என்றான் குழியப்பன், மூச்சு வாங்கிக்கொண்டே.

கொடுத்த வார்த்தை. மருதாயி கண்ணீரோடு எழுந்து விலகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எலி ஒரு பெரிய முட்டையின் மேல் கை வைத்தான்.

"கீச்!"

எலி பதறிப்போய்க் கையை எடுத்தான். ஓடு விரிசல் விட்டிருந்தது! அடுத்ததைத் தொட்டான். அதிலும் ஒரு குட்டி அலகு எட்டிப் பார்த்தது. இழுத்த இழுப்பில் உலுக்கினதாலோ என்னவோ, நாள் நிறைந்த கோழி முட்டையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிந்தன. தாமதமாக வந்து இட்ட குயில் முட்டை மட்டும் அசையாமல் கிடந்தது.

"பேசினது முட்டைக்கு," என்றான் குழியப்பன். "குஞ்சுக்கு இல்லை. இங்கே முட்டைன்னு இருக்குறது இது ஒண்ணுதான்."

"டேய்! அது என் பிள்ளைடா!" நாதமுனி தலைகீழாகப் பாய்ந்து வந்தார். அதற்குள் எலி அந்தச் சின்ன முட்டையை உருட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் தோண்டியிருந்த புது வளைக்குள் மறைந்துவிட்டான்.

நாதமுனி தரையில் உட்கார்ந்து கதறினார். மருதாயியும் அழுதாள். யார் முட்டையாக இருந்தால் என்ன, அவள் வயிற்றுச் சூட்டில் இருந்தது அல்லவா!

"தங்கச்சி, உனக்கு மனசே இல்லையா? தடுத்திருக்கக் கூடாதா?"

"உன் பிள்ளையை நீ வித்த வீட்டுலேயே வெச்சியே அண்ணே, அது எப்படிப்பட்ட வீடுன்னு ஒருநாள் இருந்து பாத்திருக்கக் கூடாதா?" என்றாள் மருதாயி. குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டாள்.

குடிபோகும் இடத்தைப் பற்றி அங்கே குடியிருப்பவரைக் கேட்காமல் வாங்கினால் வாங்கினவர் தவிப்பார், தானே அறியாத இடத்தைப் புகழ்ந்து விற்றால் ஒருநாள் விற்றவரும் தவிப்பார்.